தாமரைகளோடு போன படம்

லுவோதொங்,
ஆகஸ்ட் 20

அன்பு மகள் ஷூயிங்குக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தைய நாள் வலிக்கிறது, அதை நோய்க் கணக்கில் சேர்க்காமல் வானிலைக் கருவியாக வைத்திருக்கிறேன். அங்கே ரோட்டர்டாமில் உங்கள் வீட்டில் உள்ள அனைவரும் நலமா. வழக்கமாக 'நீயும் மாப்பிள்ளை யோஸ்டும் நலமா' என்றுதான் கேட்பேன், இந்த முறை 'அனைவரும்' என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் நேரே அங்கே போகத் துணிவில்லாததால் போனிலிருந்து தொடங்குகிறேன். உறையின் மேல் 'செப்டம்பர் 8க்கு முன் பிரிக்க வேண்டாம்' என்று எழுதப் போகிறேன். பிரிக்காதே என்று சொன்னதை முதலில் பிரிப்பவள் நீ என்பது எனக்குத் தெரியும், அதனால் தபாலையே மெதுவாக அனுப்ப முடியுமா என்று காலையில் தபால் நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்தேன். அங்கிருந்த பெண்மணி, "விரைவுத் தபால் நாலு நாள்ல போயிடும் சார்" என்றார். இன்னும் மெதுவாகப் போவது இருக்கிறதா என்று கேட்டேன். "சாதா விமானத் தபால் ரெண்டு, ரெண்டரை வாரம். கப்பல்ல போட்டா மூணு மாசம்" என்றார். மூன்று மாதம் அதிகம், இரண்டரை வாரம் சரி என்றேன். "சார், இது போய்ச் சேரணுமா, வேணாமா?" என்றார். சேர வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலைக் கடைசியிலிருந்தே திரையைத் தொட்டால் 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்று ஒரு பட்டை வந்து நின்றது. நிரப்பியது யார் என்று உனக்கே தெரியும். காலை ஐந்தரைக்குப் பெரிய அத்தை தைப்பேயிலிருந்து தொடங்கிவிடுகிறாள், குளத்தில் ஒரு தாமரை, பின்னால் சூரியன், மேலே சிவப்பு எழுத்தில் 'இனிய காலை, உடல்நலமே பெரும்பேறு'. அது நம் குடும்பக் குழுவில் இருக்கும் நாற்பத்து மூன்று பேருக்கும் போகிறது. பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு, பிறகு மலையேறும் குழு, இதில் மலையேறுகிறவர்கள் இருவர்தான், மற்றவர்கள் காலை வணக்கம் சொல்வதற்காக இருக்கிறார்கள். அதன் பிறகு கோவில் கூரை பழுதுபார்க்கும் குழு, கூரை நான்கு வருடம் முன்பே முடிந்துவிட்டது, குழுவை மட்டும் யாரும் கலைக்கவில்லை. நான் குறை சொல்வதாக எண்ணாதே. அத்தையின் தாமரையை மலைக்காரர்களுக்கும் மலைக்காரர்களின் ஆர்க்கிட்டை அத்தைக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிற இடைத்தரகன் நானே. அனுப்பாமலும் இருக்க முடியாது. பத்து மணிக்குள் நம்மிடமிருந்து ஒரு பூ வரவில்லையென்றால் வட்டாரத் தலைவர் லின் கதவைத் தட்டிவிடுவார். மார்ச்சில் பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்து சற்றுக் கண்ணயர்ந்தபோது ஜன்னல் வழியாக முகத்தை நுழைத்து, "சார், உயிரோட இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன். "அப்ப ஒரு பூவைப் போட்டு விடுங்க சார், குழுவுல எல்லாரும் பயந்துகிட்டு இருக்காங்க" என்றார். வாய் மரத்திருந்த நிலையில் ஒரு லில்லியை அனுப்பினேன். பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

எழுந்துபோய் போனைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. காலையிலிருந்து இது ஏழாவது முறை. நீ அங்கே தூங்கிக்கொண்டிருப்பாய் என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தையின் தாமரைக்கும் மலைக்காரர்களின் மூடுபனிக்கும் நடுவே உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது, கூட ஒரு சொல்லும் இல்லை. அதில் எனக்கு வியப்பில்லை. நீ ரோட்டர்டாமுக்குப் போன இந்த ஒன்பது வருடமாகப் பசிபிக்கில் எங்கே புயல் சுழன்றாலும் நீ மேகப்படத்தைப் பேசாமல் அனுப்புவதும், நான் அது எங்கே போகும், நம் யீலானுக்கு வருமா, தைப்பேக்காரர்களுக்கு லீவு கிடைக்குமா என்று கணித்துப் பதில் எழுதுவதும் நமக்குள் உள்ள வழக்கம்தானே. முப்பத்தொரு வருடம் நடுநிலைப் பள்ளியில் புவியியல் நடத்தியவன், மேகப்படம் என்றால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போனில் இடமில்லாததால் படம் திறக்கவில்லை. தபால்தலையில் பாதி அளவுக்கு மங்கலாக ஒரு சிறுபடம் மட்டும் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் விசிறி விரித்ததுபோல் சாம்பல் நிறம், அதற்குள் ஒரு இருட்டுப் பள்ளம், பள்ளத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. கண்ணாடி போடாமலே எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுதியதை இங்கே அப்படியே திரும்ப எழுதுகிறேன், எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், நான் எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. 'சின்னதுதான். கண் இன்னும் உருவாகவில்லை. இப்படித் தொடங்குபவை பெரும்பாலும் கரைக்கு வருவதற்குள் வலுவிழந்துவிடும். இதற்கெல்லாம் யாரும் லீவு விட மாட்டார்கள். கவலைப்படாமல் தூங்கு.' அதன் கீழே ஒரு தாமரையும் போட்டேன், அத்தையுடையது, 'மனம் அமைதியாக இருக்கட்டும்' என்று எழுதியது.

நீ படித்துவிட்டாய் என்ற அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. ஒன்பதாம் தேதி ஞாயிறு நீ கூப்பிடவில்லை, வேலை அதிகம் என்று ஒரு வரி அனுப்பினாய். பதினாறாம் தேதி அந்த வரியும் இல்லை.

இதற்கு நடுவில்தான் பதினான்காம் தேதி நான் போனைச் சுத்தம் செய்தேன். போன வருடம் வந்திருந்தபோது நீ சிவப்புப் பேனாவால் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒன்று, அமைப்புக்குள் போய் 'கேச்' என்று இருப்பதை மட்டும் அழிக்கலாம், அது செயலி தன் வசதிக்குச் சேர்த்து வைத்திருக்கிற நகல் குப்பை. இரண்டு, 'அரட்டை' என்று இருப்பதைத் தொடவே கூடாது. மூன்று, சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள், நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். முதலிரண்டையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். மூன்றாவதைக் கடைப்பிடிக்க நீ பேச வேண்டுமே. கேச் என்ற இடத்தில் பதினொன்று புள்ளி நான்கு ஜிபி என்று காட்டியது. இத்தனை வருட வாழ்த்துகளின் எடை என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன். நான்கு விநாடி. போன் விடுதலையான மாதிரி வேகமாக வேலை செய்தது, எனக்கே உடம்பு லேசானது போல இருந்தது. அன்று மாலை உன் அரட்டைக்குள் போனால் ஆகஸ்ட் இரண்டாம் தேதியில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம் ஒன்று இருந்தது, தொட்டால் 'காலம் கடந்துவிட்டது, படத்தைப் பெற முடியாது' என்றது. இந்தச் செயலி பத்து நாளுக்கு மேல் யாருடைய படத்தையும் தன் கிடங்கில் வைத்துக்கொள்வதில்லையாம், நாம் திறந்து சேமித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் கேச்சில் கிடக்கும் சிறுபடம்தான் மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் நான் குப்பையோடு பெருக்கித் தள்ளியிருக்கிறேன். என் பதில் மட்டும் கீழே பத்திரமாக இருக்கிறது. அரட்டையைத் தொடக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, தொடவில்லை.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. புயல் படம்தானே, போனால் போகிறது என்று இருந்தேன். நேற்றுக் காலை என் புயல் நோட்டை எடுத்து இந்த மாதக் கணக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேற்குப் பசிபிக்கில் புயலே இல்லை. வானிலைத் துறையின் பட்டியலில் இல்லை, ஜப்பான்காரர்களின் பட்டியலிலும் இல்லை. நான் எடுத்த முடிவு என்ன தெரியுமா, இரண்டு நாட்டுத் துறைகளும் ஒரு புயலைக் கோட்டை விட்டுவிட்டன என்பது. கண்டித்து ஒரு கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன், 'பொறுப்புள்ள அதிகாரிக்கு' என்ற வரியோடு நிற்கிறது.

அந்தக் கோபத்தோடு சிற்றுண்டிக் கடைக்குப் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கடை, முதலாளியம்மா ருயிஃபெங் உனக்குப் பள்ளிக்கூட நாளில் முட்டை ரொட்டியில் வெங்காயத்தாள் அதிகமாகப் போட்டுக் கொடுப்பாரே, அவரேதான். தட்டைக்கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே என் புலம்பலைக் கேட்டார். படம் எப்படி இருந்தது என்றார். சொன்னேன். "கறுப்பு, நடுவுல விசிறி மாதிரின்னா சொல்றீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "விசிறிக்குள்ள ஒரு பள்ளம், அதுக்குள்ள வெள்ளையா?" ஆமாம் என்றேன். கரண்டியை வைத்துவிட்டார். "அந்தப் புயலுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க சார்?" என்றார். அதையும் சொன்னேன். கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. "ஐயோ சார், சும்மா இருந்திருக்கக் கூடாதா உங்க வாய்?" என்றார். வாயால் சொல்லவில்லை, எழுதினேன் என்றேன். "முப்பது வருஷமா ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களே, அந்தப் பிள்ளைங்க எங்கருந்து வருதுன்னு மட்டும் உங்க புத்தகத்துல போடலியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்பதுபோல் தன் வாயைத் தானே அறைந்துகொண்டார்.

 மூலையில் சோயா பால் குடித்துக்கொண்டிருந்த ஜியென், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தலையைத் தூக்கி, "அது கல்லுய்யா வாத்தியாரே. எனக்குப் பித்தப்பையில எடுத்த ஸ்கேன் படம் அச்சு அசல் இப்படித்தான் இருந்துச்சு, கறுப்பா, நடுவுல வெள்ளையா" என்றார். முதலாளியம்மா, "நீங்க அந்த வாயில பாலை மட்டும் ஊத்துங்க, பேச்சை ஊத்தாதீங்க" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் குனிந்து, பொட்டு எவ்வளவு பெரியது, நிலக்கடலை அளவா என்றார். இருக்கலாம் என்றேன். "தோலோடயா, உரிச்சதா?" என்றார். உரித்தது என்றேன். விரல் விட்டு எண்ணி, "அப்படின்னா அன்னிக்கு எட்டு வாரம். இன்னும் மூணு மாசம் ஆகல. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, உங்க அக்கா காதுல மட்டும் விழவே கூடாது" என்றார். ஜியென் மறுபடியும், "கல்லுக்கும் மூணு மாசம் சொல்லக் கூடாதா?" என்றார். கருகிய ரொட்டி அவருக்குத்தான் போனது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருக்கிறேன் என்று. நீ ஏன் ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்பினாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் புத்தாண்டு விருந்தில் நீ வீடியோவில் வந்து எல்லோருக்கும் சொன்னாய், ஒன்பதாவது வாரத்தில். குழுவில் அன்று பட்டாசுப் படமாக வெடித்தது. அடுத்த மாதம் நீ மறுபடியும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அப்போது பெரிய அத்தை, மூன்று மாதத்துக்குள் சொன்னால் சின்னது கோபித்துக்கொண்டு போய்விடும், நான் அன்றைக்கே நினைத்தேன் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் உனக்கு நூற்றுப் பதினேழு பூக்கள் வந்தன, எண்ணினேன், அதில் ஒன்று என்னுடையது. உனக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, தெரியாமல், கையில் இருந்த தாமரையைத் தள்ளிவிட்டேன். அதைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் அதை அனுப்ப விட்டிருக்க மாட்டாள், இந்தச் சிறுபடத்தையும் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். அவள் போன பிறகு உன் படங்களைப் பார்க்க இந்த வீட்டில் இருப்பது ஒரு புவியியல் வாத்தியார்தான். இந்த முறை நீ யாருக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், காட்ட மட்டும் செய்தாய். சொல்லாமல் காட்டினால் வழக்கத்தை மீறியதாகாது என்று கணக்குப் போட்டிருப்பாய், நல்ல கணக்கு. அதற்கு நான் போட்ட பதில், இப்படித் தொடங்குபவை கரைக்கு வந்து சேராது என்பது. ஷூயிங், உலகத்தில் எந்தத் தகப்பனும் இதை வேண்டுமென்றே எழுத மாட்டான் என்பதை நீ நம்ப வேண்டும். ஆனால் படத்தைத் திறந்து பார்க்காமல் கணிப்புச் சொன்னேன் என்பது குற்றம்தான், அதற்குப் போனில் இடமில்லை என்பது சமாதானம் இல்லை.

அல்லது அது கல்லாகவும் இருக்கலாம். ஜியென் சொன்னது காதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது. படம் இல்லை, என் நினைவு மட்டும்தான் இருக்கிறது, அந்த நினைவோ அதைப் புயல் என்று சத்தியம் செய்த நினைவு. வாழ்த்த வேண்டுமா, மருத்துவரின் பெயரைக் கேட்க வேண்டுமா என்று தெரியாமல் நேற்று மாலை நான்கு மணிக்கு, அங்கே காலை பத்து, உன்னைக் கூப்பிட்டேன். யோஸ்ட் எடுத்தார். அவருக்கு நம் பேச்சில் இருபது சொல் தெரியும், பதினைந்து சாப்பாட்டின் பெயர். ஆனாலும் பாடுபட்டு, "தூங்குறா. நல்லாருக்கா. வயிறு. அப்புறம் பேசுவா" என்றார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு நேற்று மாலை முழுக்க நான் ஆற்றங்கரையில் பாலத்திலிருந்து பாலம் வரை நான்கு முறை நடந்தேன். வயிறு என்றால் இரண்டுக்கும் பொருந்துகிறது. பகல் பத்து மணிக்குத் தூங்குவதும் இரண்டுக்கும் பொருந்துகிறது. நல்லாருக்கா என்பது எதற்குமே பொருந்தக் கூடியது. நடையை முடித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் லின் நிற்கிறார், "நாலு தடவை போயிட்டு வந்தீங்களாமே, குழுவுல போட்டிருக்காங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா சார்?" என்றார். ஒரு படத்தை என்றேன். "பூப் படமா? என்கிட்ட நிறைய இருக்கு, அனுப்பவா?" என்றார். நல்ல மனிதர்.

இன்று காலை உனக்கு ஒரு செய்தி எழுத முயன்றேன். வாயைத் திறந்து எதையும் சொல்லக் கூடாது, ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும், அதுவும் பிள்ளைக்கும் பொருந்த வேண்டும், கல்லுக்கும் பொருந்த வேண்டும். முதலில் 'அது வலுவாக இருக்கும், உரிய நேரத்தில் கரைக்கு வரும்' என்று எழுதினேன், நன்றாக வந்திருந்தது, ஆனால் கல்லாக இருந்தால் அது கொடுமையான வாழ்த்து என்று தோன்றி அழித்தேன். பிறகு 'மருத்துவர் சொன்னபடி செய்' என்று எழுதினேன், அது நாற்பது வருடத் தகப்பன் எழுதுகிற மாதிரி இல்லாமல் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. கடைசியில் ஒன்பது மணிக்கு மூன்று வரிதான் அனுப்பினேன். 'ஆகஸ்ட் 2 அன்று படத்தைத் திறந்து பார்க்காமலே பதில் எழுதிவிட்டேன். அந்தக் கணிப்பு முழுவதையும் திரும்பப் பெறுகிறேன், தாமரையையும். இப்போது போனில் இடம் இருக்கிறது.' அதற்குப் பிறகுதான் தபால் நிலையத்துக்குப் போனேன், வந்தேன், இதை எழுத உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி ஆகிறது. அங்கே காலை ஆறு. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன். படித்த அடையாளம்கூட வரவில்லை. முழங்கால் வேறு காலையிலிருந்து வலிக்கிறது, வானமோ துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது, கருவியும் கெட்டுவிட்டதுபோலும். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 21

நேற்று மாலை ஐந்து மணிக்கு நீ படித்த அடையாளம் வந்தது. ஆறு, ஏழு, ஒன்றும் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குச் சேமியா வாங்கி வந்து அதைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டேன், இந்த மாதம் எதையும் திறந்து பார்க்காத மாதம் என்று நினைத்துக்கொண்டேன். விடிந்து எழுந்தால் உன்னிடமிருந்து ஒரு படம். அத்தையின் தாமரைக்கு மூன்று நிமிடம் முன்னால். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டுத் திறந்தேன். உடனே திறந்தது, பதினொரு ஜிபி காலியாக இருந்தால் ஏன் திறக்காது. கறுப்பு, நடுவில் சாம்பல், சுழல், நன்றாக உருவான ஒரு கண். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே. இந்த முறை நான் அவசரப்படவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், கடற்கரைக் கோட்டைப் பார்த்தேன், ஓரத்தில் தேதியைப் பார்த்தேன், வானிலைத் துறையின் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள், நாளை இரவு யீலானை நோக்கி வரும் என்று. என் முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததைக் கவனித்தேன். ஒன்பது வருடத்தில் மேகப்படத்தோடு நீ எழுதிய முதல் வரி. "அப்பா, இதுதான் புயல். ஜன்னலையெல்லாம் சாத்துங்க."

நான்கைந்து முறை படித்தேன். இது புயல் என்றால் அது புயல் இல்லை. இது வரைக்கும் முதலாளியம்மா சொல்வதும் ஜியென் சொல்வதும் சமமாகத்தான் நின்றன. ஆனால் அது கல்லாக இருந்திருந்தால் நீ கல் என்றே எழுதியிருப்பாய், அறுவைசிகிச்சைத் தேதியையும் சேர்த்து எழுதியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கல்லைச் சொல்லக் கூடாது என்று நம் ஊரில் எந்த வழக்கமும் கிடையாது, ஜியென் தன் கல்லை ஒரு புட்டியில் போட்டு ஊருக்கே காட்டினார். மூன்று மாதம் ஆகும்வரை சொல்லக் கூடாது என்ற வழக்கம் நமக்கு ஒன்றே ஒன்றுக்குத்தான் இருக்கிறது. நீ அதைச் சொல்லவில்லை. அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குப் போனேன், முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இரண்டு முட்டை போட்டார். ஜியென், "என்னாச்சு வாத்தியாரே, கல்லா, புயலா?" என்றார். புயல்தான், நாளை ராத்திரி வருகிறது, உங்கள் வீட்டு மாடித் தகரத்தைக் கட்டி வையுங்கள் என்றேன். "அப்ப கல்லு இல்லியா?" என்றார். ஏமாற்றமாக இருந்தது பாவம். குழுவில் இதுவரை நான் மூச்சு விடவில்லை. பெரிய அத்தை, 'தம்பி இரண்டு நாளாகப் பூ அனுப்பவில்லை, உடம்புக்கு என்ன' என்று கேட்டிருந்தாள், போனைச் சுத்தம் செய்தேன், பூவெல்லாம் போய்விட்டது என்று எழுதினேன். இருபத்தாறு பேர் தங்கள் பூவை எனக்கு நன்கொடையாக அனுப்பியிருக்கிறார்கள். செப்டம்பரில் நீயாகச் சொல்ல விரும்பினால் சொல், விரும்பாவிட்டால் வேண்டாம். அத்தை ஏதாவது எழுதினால் இந்த முறை அதற்குப் பதில் எழுத நான் இருக்கிறேன், பூ இல்லாமல் எழுதுவேன்.

உனக்கு இன்னும் நான் நேரடியாகப் பதில் அனுப்பவில்லை. 'ஜன்னல் சாத்தியாயிற்று' என்று மட்டும் எழுதினேன், நீ ஒரு சின்னச் சிரிப்பை அனுப்பினாய், அது போதும். மற்றதெல்லாம் இந்தக் கடிதத்தில்தான். உரித்த நிலக்கடலைக் கணக்குப்படி செப்டம்பர் ஆறாம் தேதி பதின்மூன்று வாரம் முடிகிறது, முதலாளியம்மாவின் கடலைக்கு ஒரு பக்கம் இரண்டு நாள் பிழை வைத்து எட்டு என்று போட்டிருக்கிறேன். எனவே நீ இதைப் படிக்கும்போது சொல்வதற்குத் தடை இல்லை, சொல்கிறேன். அது சின்னது என்று எழுதியது தப்பு. அது எந்த அளவில் இருந்தாலும் சின்னது இல்லை. வலுவிழந்துவிடும் என்று எழுதியது தப்பு. இது எப்படி ஆகும் என்று கணிக்க எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, என் நோட்டில் இதற்குப் பக்கம் இல்லை. எப்படி ஆனாலும் அந்தச் செய்தியை நான் திறந்து பார்ப்பேன், முழு அளவில், கண்ணாடி போட்டுக்கொண்டு. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது, குளியலறை ஜன்னலின் கொக்கி உடைந்தது அப்படியே இருக்கிறது, கம்பியால் கட்ட வேண்டும், மாடியில் இருக்கும் தொட்டிகளை இறக்க வேண்டும், தபால் நிலையம் நாளை திறக்குமோ திறக்காதோ, அதற்குள் இதைச் சேர்த்துவிட வேண்டும், அதனால் முடிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, பசி இல்லாவிட்டாலும் கஞ்சியாவது குடி. சைக்கிளில் அந்தப் பாலத்து ஏற்றத்தில் போகாதே, நடந்து போ. கையை உயரத் தூக்கி எதையும் எடுக்காதே. வீட்டில் இப்படி ஒன்று இருக்கும்போது சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள், நான் புவியியல் படித்தவன், இதையெல்லாம் நம்புவதில்லை, ஆனால் யோஸ்ட் கூடத்தில் மாட்டப் போவதாகச் சொன்ன அந்த அலமாரி மார்ச் வரைக்கும் தரையிலேயே நிற்கட்டும். அவருக்குப் புரியாவிட்டால் சுவரில் ஈரம் என்று சொல். அடுத்த முறை படம் எடுத்தால் எனக்கும் அனுப்பு, வேண்டுமானால் ஒரு சொல்லும் இல்லாமலே அனுப்பு.

நீயும் யோஸ்டும், இன்னும் பெயர் வைக்காதவரும், உடல் நலமும் மன நிம்மதியும் பெற்று நல்லபடி இருக்க அப்பாவின் ஆசிகள். அம்மாவின் படத்துக்கு முன்னால் இன்று ஊதுபத்தி ஏற்றி விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அவள் குழுவில் இல்லாததால் அதில் தவறில்லை.

அன்புடன்,
உன் அப்பா
யோ வென்யுவான்

பின்குறிப்பு: இதை எழுதும் நேரத்தில் போனில் மீதி இருப்பது பத்து புள்ளி ஒன்பது ஜிபி. நன்கொடைப் பூக்கள் ஒரே நாளில் இவ்வளவு பிடித்துவிட்டன. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் படங்களை முதலில் சேமித்து வைத்துவிட்டுக் கேச்சை அழிக்கப் போகிறேன், குளிர்பெட்டித் தாளில் நான்காவதாக என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டேன். மார்ச் வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பது என் பொறுப்பு.